போர்பனும் பப்ளிமாஸும் பி.பி. மாத்திரையும்

கன்னம் உப்பிய குழந்தையைக் கண்டால் நம் பக்கத்துப் பெண்கள் "என் பப்ளிமாஸு" என்று கிள்ளிக் கொஞ்சுவார்கள். கொஞ்சுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பழத்தை வெட்டிச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பம்பளிமாஸ் என்றும் சொல்வதுண்டு. எலுமிச்சைக் குடும்பத்திலேயே பெரிய பழம். குழந்தையின் தலை அளவுக்கு வரும். தோல் விரற்கடை கனம், உள்ளே பஞ்சு, அதற்கும் உள்ளே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சுளை.

இந்த வாரம் அந்தப் பழத்தைப் பற்றியும், அதன் சாற்றைக் கலந்து நான் வீட்டில் செய்து பார்த்த ஒரு பானத்தைப் பற்றியும் எழுதுகிறேன். பானம் என்றால் மதுதான். குடிக்காத நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கட்டுரையின் பின்பாதி உங்களுக்கும் சேர்த்துத்தான், தினமும் மாத்திரை போடுகிறவராக இருந்தால் கட்டாயம் உங்களுக்குத்தான்.

என் அக்கா மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். போன முறை வந்தபோது ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்து, "இது விஸ்கி இல்ல மாமா, போர்பன். அமெரிக்காக்காரன் சரக்கு. அங்க இதுல கிரேப்ஃப்ரூட் ஜூஸும் தேனும் ஊத்திக் குடிக்கிறாங்க. நீ செஞ்சு பாரு, சூப்பரா இருக்கும்" என்றான்.

அவன் "விஸ்கி இல்ல" என்று சொன்னது சரியில்லை. போர்பனும் விஸ்கிதான். ஆனால் அதற்கென்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் வடிக்க வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தங்கள் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. நம் ஊரில் பிராந்தி, விஸ்கி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவான மொலாசஸில் வடித்த ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டவை. இது சோளம். மூடியைத் திறந்ததும் வந்த வாசனை எனக்குக் கருப்பட்டி காய்ச்சும் இடத்தை நினைவுபடுத்தியது. கருகிய மரத்திலிருந்து வெனிலா வாசனை தரும் பொருளும், மரத்தின் சர்க்கரை கருகிய வாசனையும் சாராயத்தில் இறங்குமாம். கருப்பட்டிப் பாகு அடுப்பில் கருகும் வாசனைக்கு இது ஒரு வகையில் பங்காளிதான்.

அவன் சொன்ன பானத்துக்குப் பெயர் ‘பிரவுன் டெர்பி’. 1930-களில் அமெரிக்காவின் ஹாலிவுட் பக்கம் புழக்கத்துக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் தொப்பி வடிவத்திலேயே கட்டிய ஓர் உணவகம் 1926-இல் தொடங்கியது. அதன் பெயரைத்தான் பானத்துக்கு வைத்தார்கள். கலவை மூன்றே பொருள்தான்: போர்பன், கிரேப்ஃப்ரூட் சாறு, தேன்.

தேன் வீட்டில் இருந்தது. போர்பன் வந்துவிட்டது. கிரேப்ஃப்ரூட்டுக்கு எங்கே போவது? மீஞ்சூர் சந்தையில் கேட்டால் கடைக்காரர் திராட்சையைக் காட்டினார். அவர்மேல் தப்பில்லை, பெயரே அப்படித்தான் இருக்கிறது. மரத்தில் திராட்சைக் குலை மாதிரி கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பொன்னேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கொல்லையில் பப்ளிமாஸ் மரம் நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இந்த இரண்டு பழத்துக்கும் என்ன உறவு என்று தேடிப் படித்தேன். பப்ளிமாஸ் தென்கிழக்கு ஆசியாவின் பழம். அங்கிருந்து கடல் வழியாக மேற்கிந்தியத் தீவான பார்படோசுக்கு விதை போனது. ஷாடக் என்ற கப்பல் தலைவர் கொண்டுபோனார் என்று ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் இந்தப் பழத்துக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. பார்படோசில் பப்ளிமாஸும் சாத்துக்குடி இனத்து இனிப்பு ஆரஞ்சும் தானாகக் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். 1750-இல் வெளிவந்த பார்படோஸ் பற்றிய ஒரு நூலில் அதை ‘விலக்கப்பட்ட கனி’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இனிப்பு ஆரஞ்சோ, பப்ளிமாஸும் கமலா இனமும் கலந்து பிறந்தது. ஆகவே நம் பப்ளிமாஸ் கிரேப்ஃப்ரூட்டுக்கு ஒரு வழியில் தாய், இன்னொரு வழியில் பாட்டி. பேத்தி கிடைக்காத ஊரில் பாட்டியை வைத்துக் காரியத்தை முடிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பப்ளிமாஸ் என்ற சொல்லுக்கும் நம் ஏரிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. டச்சு மொழியில் இந்தப் பழம் ‘பொம்பெல்மூஸ்’. டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் தலைமையிடம் வைத்திருந்தது வேறெங்கும் இல்லை, நம் பழவேற்காட்டில்தான். 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை அதுதான் அவர்களுக்கு ராஜதானி. கோட்டை இன்று முள்ளும் மேடுமாகக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய வாசல்கல்லோடு அவர்கள் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கிறது. துட்டு, கக்கூஸ் இரண்டும் டச்சுக்காரர் விட்டுப்போன சொற்கள் என்பார்கள். பப்ளிமாஸ் விஷயத்தில் மட்டும் வழக்கு முடியவில்லை. டச்சிலிருந்து தமிழுக்கு வந்தது என்று ஒரு கட்சி, தமிழிலிருந்து டச்சுக்குப் போனது என்று இன்னொரு கட்சி. எப்படியானாலும் அந்தச் சொல் இந்தக் கரையில் படகேறி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சாராயத்தில் பழச்சாறு கலப்பதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ‘பஞ்ச்’ என்று வெள்ளைக்காரர்கள் குடித்தார்களே, அந்தப் பெயர் ஐந்து என்ற பொருளுள்ள ‘பாஞ்ச்’ என்பதிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைப் பொருள் என்று ஐந்து. அந்தச் சொல் ஆங்கிலத்தில் முதலில் பதிவானது 1632-இல். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர், நிஜாம்பட்டினத்தில் இருந்த ஒரு வணிகருக்கு எழுதிய கடிதத்தில். நிஜாம்பட்டினம் இன்றைய ஆந்திராவில், நமக்கு வடக்கே இதே கரையில் இருக்கும் ஊர். ஹாலிவுட்காரன் 1930-இல் செய்ததை நம் கரையில் 300 வருஷம் முன்னாலேயே வேறு பழத்தில் செய்துவிட்டார்கள்.

இதுவரை படித்துவிட்டு, இந்த மனுஷனுக்கு வயதான காலத்தில் இது தேவையா என்று சிலர் நினைப்பீர்கள். என் வீட்டுக்காரி அதை நினைப்போடு நிறுத்தவில்லை. பாட்டிலைப் பார்த்ததும், "இந்த வீட்ல இதுக்கு எடம் கெடயாது. மாமனார் பட்டதும் அத்தை பட்டதும் போதாதா?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் அப்பா கட்டுமரத்துக்காரர். விடியலுக்கு முன் மரம் தள்ளினால் வெயில் ஏறித் திரும்புவார். அது மதுவிலக்குக் காலம். 1948 முதல் மாகாணம் முழுக்க விலக்கு. விலக்கு இருந்ததே தவிரச் சரக்கு இல்லாமல் போகவில்லை. காட்டுப்பள்ளி மணலில் வடக்கே நடந்தால் தாழம்புதருக்குள் ஊறல் பானை இருக்கும். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் காய்ச்சிய பட்டைச் சாராயம். கொட்டாங்குச்சியில் வாங்கி, நின்றபடியே, மூக்கைச் சுளித்து ஒரே மடக்கில் இறக்கிவிட்டு ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொள்வார். அப்பா குடித்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ருசித்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அம்மா கூடை மீனைச் சுமந்து, கால்வாயைத் தாண்டி விற்றுவிட்டு வருவாள். காசு சுருக்குப் பையில். இரவில் அந்தச் சுருக்குப் பை அரிசிப் பானைக்குள் போகும், அரிசிப் பானை பரண்மேல் போகும். அப்படியும் ஒருநாள் பித்தளைக் குடம் வீட்டைவிட்டுப் போயிற்று. 1971-இல் மதுக்கடைகளைத் திறந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தாழம்புதருக்குப் போகிறவர்கள் கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1974-க்குள் மூடினார்கள், 1981-இல் திறந்தார்கள். 1987-இல் கள்ளையும் சாராயத்தையும் மறுபடி நிறுத்தியபோது என் அப்பா உயிரோடு இல்லை. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, 52 வயதில் போனார்.

அதற்குப் பிறகும் நம் மாதிரிக் குப்பங்களில் சாவு நிற்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவ ஊரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விழுப்புரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் மெத்தனால். தொழிற்சாலைக்கு உரிய விஷம். நிறத்திலும் மணத்திலும் சாராயத்தைப் போலவே இருக்கும். உடம்புக்குள் போய்க் கண்ணையும் உயிரையும் வாங்கும்.

இத்தனையும் தெரிந்தவளிடம் "இது அமெரிக்கச் சரக்கு" என்று நான் வாதாடவில்லை. நான் எப்போதாவது ஒருநாள் குடிக்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும். வெளியே குடித்துவிட்டு வருவதை அவள் 40 வருஷமாகப் பொறுத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து அவளே நிபந்தனை சொன்னாள். "வாரத்துக்கு ஒரு நாளு. ஞாயித்துக்கெழம. வாசக் கதவு தொறந்திருக்கணும். ஒளிஞ்சு குடிக்கக் கூடாது. நான்தான் அளந்து ஊத்துவேன்." ஊற்றுவதற்கு அவள் எடுத்த அளவுப் பாத்திரம் இருமல் மருந்துப் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி. ஒரு மூடி 10 மில்லி. மூன்று மூடி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

30 மில்லி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 40 சதவீதச் சரக்கில் சுத்தமான ஆல்கஹால் 12 மில்லி. கடையில் வாங்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் ஆல்கஹால் 77 மில்லி. அதாவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை அளவைப் போல ஆறரை பங்கு. அதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

துறைமுகத்தில் நான் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணி எழுதுவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நோட்டில் குறித்துவைத்தேன்.

முதல் ஞாயிறு: போர்பன் 30 மில்லி, பப்ளிமாஸ் சாறு 30 மில்லி, ஐஸ் கட்டி நான்கு. பப்ளிமாஸை எலுமிச்சை மாதிரிப் பாதியாக வெட்டிப் பிழியக் கூடாது. தோலையும் பஞ்சையும் எடுத்து, ஒவ்வொரு சுளையின் வெள்ளைத் தோலையும் உரித்து, முத்தை மட்டும் உதிர்த்து மத்தால் மசித்து வடிகட்ட வேண்டும். கசப்பு முழுக்க அந்தத் தோலில்தான். அதற்கு நரிஞ்சின் என்று பெயர். ஒரு பெரிய பழத்துக்கு ஒரு டம்ளர் சாறு கிடைத்தால் அதிகம். ருசி எப்படி என்றால், சாரமில்லை. பாட்டிக்குப் பேத்தி அளவு புளிப்பு இல்லை.

இரண்டாவது ஞாயிறு: அதோடு எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன், தேன் ஒரு டீஸ்பூன். எலுமிச்சை உயிர் கொடுத்தது. தேன்தான் ஐஸில் பட்டதும் கட்டியாகிக் கண்ணாடி டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது ஞாயிறு: தேனும் வெந்நீரும் சரிபாதி கலந்து ஆறவைத்து அதில் இரண்டு டீஸ்பூன். மூடியுள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லாவற்றையும் ஐஸோடு போட்டு 20 எண்ணும் வரை குலுக்கி வடிகட்டினேன். நன்றாகவே இருந்தது. ஹாலிவுட்காரன் இதைத்தான் குடித்திருப்பான்.

நான்காவது ஞாயிறு: தேனுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. இது வீட்டுக்காரியின் யோசனை. பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கருப்பட்டி வாசனை வருதே, அதையே போட்டா இன்னா?" என்றாள். கூடவே ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அடக்கும், கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் நாம் தொட்டுக்கொள்வது சும்மா இல்லை. அந்த ஞாயிறு நோட்டில் நான் எழுதியது ஒரே வரி: ‘இதுதான்.’

அந்த 30 மில்லியைக் குடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசல் கதவு திறந்திருந்தது. கிழக்கே அலைச் சத்தம், தெற்கே துறைமுகத்தின் விளக்கு வரிசை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதிச் சாற்றில் கருப்பட்டிப் பாகு விட்டுக் குடித்தாள். அப்பாவுக்கு இப்படி ஒரு சாயங்காலம் கிடைத்ததே இல்லை என்று தோன்றியது. அவர் நின்று குடித்தார், ஒளிந்து குடித்தார், அவசரமாகக் குடித்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாத குடி அது.

இதனால் குடி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது: உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது. மூன்று மூடி என்றால் கெடுதலும் மூன்று மூடி அளவு, அவ்வளவுதான். ஒரு துளியும் தொடாமல் இருப்பவர் அப்படியே இருங்கள். தொட்டால் நிறுத்த முடியாதவர் இந்த நோட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

இப்போது பின்பாதிக்கு வருகிறேன்.

ஐந்தாவது ஞாயிறு என் பழைய சகாக்கள் இருவரைக் கூப்பிடலாம் என்றிருந்தேன். ஒருவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இன்னொருவர் பள்ளி ஆசிரியர். குடிப்பதில்லை, ஆனால் சபையில் உட்காருவார். யாருக்கு என்ன ஆகாது என்று தெரியாமல் விருந்து வைக்கக் கூடாது என்பது அம்மா காலத்துப் பாடம். அதனால் கிரேப்ஃப்ரூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்தேன். அப்போதுதான் கனடா நாட்டு விஷயம் கண்ணில் பட்டது.

கனடாவிலும் லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆராய்ச்சியாளர், ஃபெலோடிபைன் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். சோதனைக்கு வந்தவர்களுக்குத் தாம் குடிப்பது மதுவா வெறும் சாறா என்று தெரியக் கூடாது. மதுவின் ருசியை மறைக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது கிரேப்ஃப்ரூட் சாறு. அந்த ஆய்வு 1989-இல் வெளிவந்தது. முடிவைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம். மது குடித்தவர், குடிக்காதவர் எல்லாருடைய ரத்தத்திலும் மாத்திரையின் அளவு வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. காரணம் மது இல்லை, சாறு. 1991-இல் லான்செட் இதழில் அதை உறுதிப்படுத்தி எழுதினார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை குலுக்கிய அதே கூட்டு, மதுவும் இந்தச் சாறும், ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த உண்மையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் சுவரில் சிஒய்பி 3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. சோதனைச் சாவடி மாதிரி. வருகிற மருந்தில் ஒரு பங்கை அங்கேயே சிதைத்துவிடும். மருந்து கம்பெனிகள் இதையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கின்றன. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள் அந்தச் சாவடியை முடக்கிவிடுகிறது. உடம்பு புது நொதியைத் தயாரிக்கும் வரை, ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ, சாவடியில் ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஒரு மாத்திரை போட்டால் இரண்டு மூன்று போட்டதற்குச் சமமாகிவிடலாம். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று நேரத்தைத் தள்ளிவைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

பேத்தியிடம் உள்ள இந்தக் குணம் பாட்டியிடமிருந்து வந்ததுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தன் எச்சரிக்கையில் கிரேப்ஃப்ரூட்டோடு பப்ளிமாஸையும் சேர்த்தே சொல்கிறது. சாதாரணச் சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, ஞாயித்துக்கெழம வரும்போது மாத்திர அட்டையக் கொண்டாங்க" என்றேன். "குடிக்கக் கூப்டுறியா, மருந்துக் கடை வெக்கிறியா?" என்று சிரித்தார். கொண்டுவந்தார். நிஃபெடிபைன். கனடாக்காரர்கள் 1991-இல் சோதித்த இரண்டாவது மாத்திரை அதுதான். அது கூடினால் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். எழுபது வயதைத் தாண்டியவர் இருட்டில் கழிவறைக்கு எழுந்து போகும்போது தலை சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆசிரியரின் அட்டையில் இருந்தது கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாடின். "எனக்குத்தான் மது பழக்கமே இல்லையே" என்றார். பழம் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். அவருடைய சம்பந்தி வீடு கேரளத்தில். அங்கிருந்து சாக்கு நிறையப் பப்ளிமாஸ் வந்திருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை நம்பி, ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அரைப் பழம் சாப்பிட்டிருக்கிறார். "ஏன் கேக்குறீங்க?" என்றார். அவருக்குக் கொஞ்ச நாளாகத் தொடையில் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. வயசாச்சு, வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த வகை மாத்திரை ரத்தத்தில் கூடினால் தசை வலி வரும், மிஞ்சிப்போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கும் என்று நான் படித்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

மறுநாள் பொன்னேரியில் டாக்டரைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பழத்தை நிறுத்தச் சொன்னார், மாத்திரையையும் இந்தப் பழத்தோடு மோதாத ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றினார். பழம்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. சில வாரத்தில் வலி குறைந்துவிட்டது, இப்போது மாடியேறித் துணி காயப்போடுகிறார் என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது.

என் மாத்திரை அம்லோடிபைன். இந்தப் பழத்தால் அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று என் டாக்டர் சொன்னார். "ஆனா சார், அந்த மூணு மூடியே பி.பி.யை ஏத்துமே" என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். வாரம் ஒருமுறை என்பது மாதம் இருமுறை ஆயிற்று.

நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பப்ளிமாஸோ கிரேப்ஃப்ரூட்டோ சாப்பிடுகிறவராக இருந்தால், உங்கள் மாத்திரை அட்டையை டாக்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ ஒருமுறை காட்டிக் கேளுங்கள். ஃபெலோடிபைன், நிஃபெடிபைன், சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு போடும் சைக்ளோஸ்போரின், இவை முக்கியம். இன்னும் பல உண்டு. பாதிக்கப்படும் மருந்துகள் 85-க்கு மேல் என்று பெய்லி குழுவினரே பின்னாளில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பழத்தை நிறுத்துங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பேரன் பேத்திகள் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல பழம்.

கடைசியாக, சபை எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். நடக்கிறது. அண்ணனுக்கும் ஆசிரியருக்கும் என் வீட்டுக்காரி ஒரு பானம் கண்டுபிடித்துவிட்டாள். கருப்பட்டிப் பாகு ஒரு மேசைக் கரண்டி, எலுமிச்சை அரை மூடி, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, கல் உப்பு நாலு, பானைத் தண்ணீர் ஒரு டம்ளர். அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐஸ் போட்டு 20 எண்ணும் வரை குலுக்குகிறாள். பஞ்சுக்குச் சொன்ன ஐந்தில் சாராயம் மட்டும்தான் இதில் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாகைக் குறைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் இரண்டாவது டம்ளர் கேட்கிறார். அதற்கு அவள் மூடி அளவு வைப்பதில்லை.